பையில் கிடந்த எட்டு போல்ட்

ஹாஜியார் ஒரு நாளும் என்னை அவசரப்படுத்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். நடந்ததை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அவரை அவசரக்காரராக ஆக்கிவிட்டு நான் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன். மடவளையில் கூரைத் தகடும் சீமெந்தும் விற்கிற பெரிய மனிதர் அவர். லொறியை என்னிடம் விட்டபோது அவர் சொன்னது, வேலை முடிந்ததும் ஒரு டெலிபோன் கோல் எடுங்கள் என்பது மட்டும்தான். அவசரமெல்லாம் என் பக்கத்திலிருந்துதான் வந்தது.

என் கராஜ் பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரம் இருக்கிறது. எஞ்சின் வேலை மட்டும்தான் செய்கிறேன். கைவேலை செய்கிறவனை இங்கே எந்தச் சனமும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடும். பாஸ் செத்த எஞ்சினையும் எழுப்பிவிடுவார் என்று யாராவது என் காதுபட சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். இருபத்தைந்து வருஷமாக எண்ணெய்க்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு இவ்வளவு புகழ்ச்சிப் பைத்தியம் இருக்கக் கூடாதுதான். இருந்தது, என்ன செய்ய.

வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. புது லொறி வாங்க வழியில்லை. பழசு வைத்திருந்த எல்லோரும் அதையே பிழிந்து வேலை வாங்கப் பார்த்தார்கள். ஹாஜியாரின் லொறி வயசானது, டர்போ இல்லாத டீசல் எஞ்சின். திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய வரைக்கும் சீமெந்து ஏற்றிப் போகும், திரும்பும்போது மரக்கறி மூட்டை ஏற்றி வரும். ஏற்றத்தில் அது நடக்கிற நடையைப் பார்த்துப் பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹோர்னில் கையை வைத்தால் எடுக்க மாட்டார்கள். டர்போ ஒன்று போட்டுக் கொஞ்சம் வலுவைக் கூட்டித் தர முடியுமா என்று ஹாஜியார் கேட்டார். அவர் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை, நான் உடனே முடியும் என்று சொல்லிவிட்டேன்.

லொறியை ஓட்டியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நாங்கள் இருவரும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். நான் பிலிமத்தலாவைக்கு வந்தேன், அவர் கல்யாணம் முடித்துத் திகனப் பக்கம் போனார். சொந்தபந்தம் ஒன்றுமில்லை. என்னைவிட நாலு வயது இளையவர் என்பதால் நான் தம்பி என்பேன், அவர் அண்ணே என்பார். அவரைப் போல வண்டியைப் பார்த்துக்கொள்கிற டிரைவரை நான் கண்டதில்லை. டர்போ போட்ட வண்டியை நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது, இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆற விடவேண்டும் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்கே நிறுத்தினாலும் போத்தலில் கொண்டுவந்த பிளேன்டீயை மூடியில் ஊற்றிக் குடித்து முடித்த பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

ஒரு எஞ்சினுக்கு வலுவைக் கூட்டுவது பெரிய வித்தை இல்லை. டர்போவால் காற்றை அதிகமாக உள்ளே தள்ளி, அதற்கேற்ற மாதிரி டீசலை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த வலுவை உள்ளே இருக்கிற இரும்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கிற கை ஒன்று உண்டு, கொனெக்டிங் ரொட் என்போம். ஒரு பேச்சுக்கு, நூறு தாங்க வேண்டிய ரொட்டை நூற்றைம்பது தாங்குகிற மாதிரித்தான் கம்பனி செய்து அனுப்பும். மிச்ச ஐம்பது கெட்ட டீசலுக்கும், ஒயில் மாற்ற மறக்கிற முதலாளிக்கும், பாரத்தைக் கூட ஏற்றுகிறவனுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. எஞ்சினுக்கு வலுக் கூட்டுகிற எங்களைப் போன்றவர்கள் செய்வது, அந்த ஐம்பதில் கை வைப்பதுதான். ஆனால் வெளியே சொல்லும்போது நாங்களே உண்டாக்கிக் கொடுத்த வலு மாதிரிச் சொல்லிக்கொள்வோம்.

எங்கே வரை கை வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது கிராங்க் நன்றாக இருந்தது, பிஸ்டன் தாங்கும், ரொட்டும் தாங்கும். பயம் ரொட்டின் கீழ்மூடியைப் பிடித்து வைத்திருக்கிற போல்ட்டில்தான். ஒரு ரொட்டுக்கு இரண்டு, நாலு ரொட்டுக்கு எட்டு. இறுக்கும்போது அந்தப் போல்ட் கொஞ்சம் நீளும், நீண்டு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவுக்கு மேல் ஒரு தடவை நீண்டுவிட்டால் பழைய நீளத்துக்கு வராது. பாவாடை எலாஸ்டிக் தளர்ந்த மாதிரி, பார்க்க அப்படியே இருக்கும், பிடிக்காது. எட்டையும் வேர்னியரில் அளந்து பார்த்தேன். ஆறு பரவாயில்லை. மூன்றாம் சிலிண்டரின் இரண்டும் ஒரு மயிரிழை நீளமாக இருந்தன, கழுத்து மெலிந்திருந்தது.

புது போல்ட் எட்டும் கட்டாயம் போட வேண்டும் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் மறு பேச்சுப் பேசாமல் சரி என்றார். கொழும்பில், பஞ்சிகாவத்தையில் தெரிந்த கடையொன்றுக்குச் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார்கள். இதுவரைக்கும் நான் செய்தது எல்லாம் சரி. ஒரு நல்ல மெக்கானிக் செய்கிறதைத்தான் செய்தேன்.

இடையில் டிரைவர் வந்தார். திகனயில் கோயில் ஐயரிடம் கேட்டு, எஞ்சினை முதல் தடவை ஸ்டார்ட் பண்ண நேரம் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். புதன்கிழமை காலை பத்து நாற்பதிலிருந்து பதினொன்று இருபது வரை. வியாழன் அஷ்டமி, வெள்ளி நவமி, சனிக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் ஆட்கள் புதுசாக ஒன்றும் தொடங்க மாட்டார்கள். ஹாஜியாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிஸ்மி சொல்லித் தொடங்கினால் எல்லா நேரமும் நல்ல நேரம்தான், உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார். நானோ எஞ்சின் கட்டுவதில் எவ்வளவு கணக்குப் பார்க்கிறேனோ, நேரத்திலும் அவ்வளவு கணக்குப் பார்க்கிறவன். என் கையால் கட்டிய எந்த எஞ்சினையும் நான் நேரம் தப்பி ஸ்டார்ட் பண்ணியதில்லை. கைராசிக்காரன் என்ற பேர் அதிலும் பாதி இருந்தது.

திங்கட்கிழமை போல்ட் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கோல் எடுத்தேன், பஸ்ஸைத் தவற விட்டுவிட்டோம், இன்றைக்கு அனுப்புகிறோம் என்றார்கள். மத்தியானம் வரை வீதியோரம் நின்று கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தேன். அடிப்பகுதியை மூடினால்தான் எஞ்சினை லொறிக்குள் இறக்கலாம், இறக்கி மற்றதையெல்லாம் பூட்ட ஒரு ராத்திரி முழுக்க வேண்டும். இரண்டு மணிக்கு உள்ளே போனேன். பழைய போல்ட்டுகளைக் கழுவித் துடைத்தேன். ஏழு போல்ட் சரியாக இறுகின. மூன்றாம் சிலிண்டரில் ஒன்று மட்டும் இறுக இறுக மெத்தென்று சுற்றிக்கொண்டே போனது. அது என்னவென்று என் கைக்குத் தெரிந்தது. நிறுத்திவிட்டு, ஒரு பீடி பற்றவைத்தேன். பிறகு வந்து அந்தப் போல்ட்டை அப்படியே விட்டு, ஒயில் சட்டியைப் பூட்டி அடிப்பகுதியை மூடினேன்.

புதன்கிழமை ஒன்பதரைக்கே டிரைவர் வந்துவிட்டார். வெள்ளை சேர்ட், நெற்றி நிறையத் திருநீறு, ஒரு பையில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம். பத்து மணியிருக்கும், கொழும்பு பஸ் ஒன்று வாசலருகே வேகத்தைக் குறைத்தது. கொண்டக்டர் பழுப்புக் கடதாசியில் சுற்றிய சின்னப் பார்சல் ஒன்றை என் கையில் வைத்தார். கடையில் நேற்று இரவுதான் கொடுத்தார்களாம், காலையில் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு பெரிய லொறி குறுக்கே நின்றுவிட்டதாம், அதுதான் இவ்வளவு நேரமாம். பார்சலைப் பிரிக்காமலே எனக்குத் தெரிந்தது. எட்டு போல்ட், உள்ளங்கைக்குள் அடங்குகிற பாரம்.

எஞ்சின் லொறிக்குள் இருந்தது. கீழே படுத்து, ஒயில் சட்டியைக் கழற்றி, எட்டையும் மாற்ற நாலு மணித்தியாலம் போதும். ஆனால் பதினொன்று இருபது போய்விடும். டிரைவர் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் பார்சலைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்படியே நின்றுதான் கற்பூரம் காட்டினேன், அப்படியே நின்றுதான் தேங்காய் உடைத்தேன். தேங்காய் சரி பாதியாக உடைந்தது. குனியும்போதெல்லாம் பார்சல் தொடையில் முட்டியது. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது, கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. டிரைவர் என் கையைப் பிடித்து, உங்க கைய சும்மாவா சொல்றாங்க என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பின்னேரம் பார்சலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். முதல் ஒயில் மாற்ற வரும்போது ஏதாவது சாக்குச் சொல்லி அடிப்பகுதியைத் திறந்து மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹாஜியாருடைய பில்லில் புது போல்ட் என்றுதான் எழுதியிருந்தது.

முதல் ஒயில் மாற்ற லொறி வந்தது. ஹாஜியாரும் கூட வந்தார், அவரோடு லொறி வைத்திருக்கிற இன்னும் இரண்டு முதலாளிமார். முன்பு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிய ஏற்றத்தில் இப்போது மூன்றாம் கியரில் ஏறுகிறது என்று ஹாஜியார் அவர்களுக்கு என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அடிப்பகுதியைத் திறக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது. இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று ஹாஜியார் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் டீசல் பம்பின் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினேன். உள்ளே என்ன போல்ட் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே திருப்பினேன். எல்லாவற்றிலும் இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஏழு மாசம் ஓடியது. அந்த ஏழு மாசமும் அவர் ஓட்டிய விதத்துக்கு ஓடியது என்று இப்போது நினைக்கிறேன். மூன்றாம் கியரில் ஏறினாலும் இறங்கும்போது இரண்டாம் கியரில்தான் இறங்குவார். வலு கூடினதால் பாரம் குறையவில்லையே என்பார். பிரேக்கை மட்டும் நம்பி அந்த இறக்கத்தில் இறங்குகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கண்டியில் எல்லோருக்கும் தெரியும். சின்ன கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். ஆனால் அந்த நேரத்தில் எஞ்சினும் வேகமாகச் சுற்றும். மேலே ஓடுகிற பிஸ்டனை ஒவ்வொரு சுற்றிலும் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டியது அந்த இரண்டு போல்ட்தான்.

மெதமஹநுவரப் பக்கம் இறங்கும்போது அது போனது. பட்டப்பகல். பெரிய சத்தம், பிறகு புகை, வீதி முழுக்க ஒயில். மூன்றாவது ரொட் எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எஞ்சின் நின்றதும் பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும், முழுப் பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் நிறைந்த பஸ் ஒன்று. ஒரு பக்கம் பள்ளம். டிரைவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்துத் தண்ணீர்க் கானில் இறக்கி, மண்மேட்டில் உரசி நிறுத்தினார். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. மரக்கறி மூட்டைகூடச் சரியவில்லை என்று லொறியில் கூட இருந்த கிளீனர் பையன் பிறகு சொன்னான்.

லொறியை இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் விட்டார்கள். ஹாஜியார் வருவதற்கு முதல் நாளே தனியாக இருந்து பிரித்தேன். உடைந்த போல்ட்டைத் தேடி எடுத்து டீசலில் கழுவினேன். ஒரே அடியில் உடைந்த போல்ட் என்றால் உடைந்த முகம் முழுக்கப் புதுசாக மினுங்கும். இதில் பாதி கறுத்து, தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது; மிச்சப் பாதி மட்டும்தான் புதுசு. மாசக்கணக்காக வெடிப்பு உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சினை அளவுக்கு மீறிச் சுற்ற விட்டிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்த அடையாளம் இருக்கும். மற்ற மூன்று பிஸ்டனையும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு அடையாளமும் இல்லை. டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அந்த இரும்பெல்லாம் என் முன்னால் சொல்லிக்கொண்டு கிடந்தன. நான் உடைந்த போல்ட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஹாஜியார் டிரைவரோடு வந்தார். மேசையில் வளைந்த ரொட்டையும் உடைந்த துண்டுகளையும் பரப்பி வைத்திருந்தேன். ஹாஜியார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"பாஸ், நீங்களே செல்லுங்க. வேலையில பிழையா, ஓட்டினதுல பிழையா?"

டிரைவர் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தில் பயமில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறக்கத்துல சின்ன கியர்ல வேகமா விட்டா, கம்பனி போல்ட் தாங்காது ஹாஜியார்" என்றேன்.

இதில் பொய் என்று எடுத்துக் காட்ட ஒரு வார்த்தையும் இல்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் முதல் நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். டிரைவர் மறுத்துப் பேசுவார், சண்டைக்கு வருவார், நானும் குரலை உயர்த்தலாம் என்று நினைத்திருந்தேன். அவர் ரொட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக வைத்தார்.

"அண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஹாஜியார் அவரைத் திட்டவில்லை. இனிமேல் என் மகன் ஓட்டட்டும் என்று மட்டும் சொன்னார். ஆனால் மடவளையிலும் திகனயிலும் லொறி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். புதுசாகக் கட்டின எஞ்சினை ஏழு மாசத்தில் உடைத்தவர் என்ற பேர் அவருக்கு முன்னாலேயே எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸே சொன்னாராம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். என் பேருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

லொறிக்கு வேறு எஞ்சின் ஒன்றைக் கூலி வாங்காமல் பூட்டிக் கொடுத்தேன். டர்போ இல்லை, பம்ப் ஸ்குரூவில் கை வைக்கவும் இல்லை. கம்பனி எப்படி அனுப்பியதோ அப்படியே. ஹாஜியார் என் நல்ல மனசைப் பாராட்டினார். அதற்குப் பிறகு நான் எந்த எஞ்சினுக்கும் வலுக் கூட்டுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, வயசாகிவிட்டது என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து டிரைவரைக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில் கண்டேன். மூட்டை இறக்குகிற வேலை, நாட்டாமை என்போம். தலையில் சாக்கு, புருவத்தில் சீமெந்துத் தூள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, வாங்கண்ணே என்று வந்தார். அந்த மலர்ச்சியைத் தாங்க எனக்கு ஏலாமல் இருந்தது. ஏசியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அந்தக் கிழமையே ஒரு வழி தேடினேன். என் வாடிக்கையாளர் ஒருவர் பாலர் பாடசாலைக்கு வேன் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். நிதானமான டிரைவர் ஒருவர் இருக்கிறார், நான் பொறுப்பு என்று சொல்லி ஒழுங்கு பண்ணிவிட்டு அவரிடம் ஓடினேன். இப்படிக் கொடுத்துச் சரிக்கட்டிவிட்டால் மற்றதைச் சொல்லத் தேவையில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைக்குப் பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்ணே" என்றார். "பச்சப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு நான் எப்பிடிப் போவேன். அன்னைக்கி அந்த எறக்கத்துல நான் என்ன பண்ணேன்னு இன்னும் யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க தப்பு விட்டேன்னே புரியல."

அவருடைய வேலையைத்தான் பறித்துவிட்டேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பழக்கம் தப்பாமல் ஓட்டிய மனிதர் இரண்டு வருஷமாக அந்த இறக்கத்தில் தன் தப்பைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். இல்லாத தப்பு. எவ்வளவு தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?

நாளைக்கு இதே நேரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் பழுப்புக் கடதாசிப் பார்சலையும் உடைந்த போல்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே மேசையில் பார்சலைப் பிரித்தேன். எட்டு போல்ட்டும் ஒயில் பூசியபடி புதுசாகக் கிடந்தன. பக்கத்தில் உடைந்ததை வைத்தேன். பஸ் தாமதமானதிலிருந்து தேங்காய் உடைக்கும்போது பைக்குள் இருந்தது வரை, கால் சுற்று திருப்பியது, பிஸ்டனைத் தடவிப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடைந்த துண்டை எடுத்துக் கறுத்த பாதியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

"அப்ப நான் ஒடைக்கலையா?" என்றார்.

"இல்ல தம்பி. நீதான் ஏழு மாசம் காப்பாத்தின."

அவர் துண்டை மேசையில் வைத்தார். பிறகு, நேரம் பார்த்துக்கொண்டு வந்தது நான்தானே, தேங்காயும் கையுமாக நான் வந்து நிற்காமல் இருந்திருந்தால் நீங்கள் போல்ட்டை மாற்றியிருப்பீர்கள்தானே என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை.

"அதையும் நீ எடுத்துக்காத தம்பி. அது என்னோடது."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை, அப்படியே விட்டார். ஹாஜியாரிடம் இதைச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் பார்சலைக் கொண்டுவந்தேன் என்றேன்.

ஹாஜியார் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, சனிக்கிழமை காலை இருவருமாக மடவளைக்குப் போனோம். ஹாஜியார் கடையில் கதிரை போட்டு உட்கார வைத்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லும்போது லேசாக இருக்கும் என்று நினைத்தது பிழை. பில்லில் எழுதிய போல்ட்டையும் சொன்னேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அவர் என் மேல் பாய்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு கெழம பிந்தும்ண்டு ஒரு வார்த்த செல்லியிருந்தா எனக்கு என்ன பாஸ்? நான் அவசரம்ண்டு செல்லவே இல்லயே."

பிறகு எழுந்து போய் டிரைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்களிடம் ஒரு கேள்வி கேட்காமல் விட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். ஹுன்னஸ்கிரியவுக்கு அன்றைக்கு ஒரு லோட் இருந்தது. மகனைக் கூப்பிட்டுச் சாவியை வாங்கி டிரைவரின் கையில் வைத்தார். என்னிடம் அவர் கை கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

டிரைவர் லொறியைச் சுற்றி வந்து பார்த்தார். டயரைத் தட்டிப் பார்த்தார், ஒயில் பார்த்தார், தண்ணி பார்த்தார். எல்லாம் பழையபடி ஒழுங்காகத்தான் செய்தார். எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. ஏறி உட்கார்ந்து, என்னையும் கூட வரச் சொன்னார். நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். எஞ்சின் பிடித்தது. அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கிளம்பாமல் இருந்தார். விரல் வெளுத்துப் போகிற அளவுக்குப் பிடித்திருந்தார்.

"அண்ணே" என்றார், வீதியைப் பார்த்துக்கொண்டே. "வரும்போது எறக்கத்துல எந்த கியர்ல விடணும்?"

அந்த மலையில் இருபது வருஷம் ஓட்டியவர் கேட்கிறார்.

"ரெண்டுல தம்பி. நீ எப்பவும் விட்ட கியர்தான்."

அவர் தலையாட்டினார். லொறி மெல்ல நகர்ந்தது. கடை வாசலைத் தாண்டி வீதியில் ஏறுவதற்குள் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ரெண்டுலதானே அண்ணே?" என்றார்.